நெய்வேலிச் சட்டமன்றத் தொகுதியும் வாக்கு முறையும்

நெய்வேலி, தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில், பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களையும் அனல் மின் நிலையங்களையும் சார்ந்து எழுந்த நகரியத்தையும், அதனைச் சூழ்ந்து முந்திரித் தோப்பும் பலாமரமும் நிறைந்து கிடக்கும் செம்மண் கிராமங்களையும் ஒன்றுசேர்த்து, 2008ஆம் ஆண்டின் தொகுதி மறுவரையறையால் உருவாக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதியாகும். மாநிலத்தின் 234 தொகுதிகளின் வரிசையில் இது 153ஆவது எண்ணைப் பெறும். மக்களவைத் தேர்தலில் திட்டக்குடி, விருத்தாசலம், பண்ருட்டி, கடலூர், குறிஞ்சிப்பாடி ஆகிய தொகுதிகளோடு சேர்ந்து கடலூர் நாடாளுமன்றத் தொகுதியின் அங்கமாக விளங்குகிறது. 2011, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் இங்கு நடைபெற்ற முதல் மூன்று சட்டமன்றத் தேர்தல்களை ஒருசேர வைத்து நோக்குவோர்க்கு, ஏறக்குறைய அதே குடிமக்கள் அளித்த வாக்குகளே, கட்சிகள் ஒன்றுசேர்ந்த விதத்துக்கும் பிரிந்த விதத்துக்கும் ஏற்ப வெவ்வேறு விளைவுகளைத் தந்திருப்பதும், அதற்குக் காரணம் நாம் கைக்கொண்டிருக்கும் வாக்கு முறையின் சுபாவமே என்பதும் தெற்றெனப் புலப்படும். இக்கட்டுரையின் விஷயமும் அதுவே.

குடிகள்

1930களில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது கறுநிறப் பொருள் ஒன்று வெளிப்பட்டதிலிருந்து தொடங்கும் இவ்வூரின் வரலாறு, 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் நிறுவப்பட்டபின் வேகம் பெற்றது. மறு ஆண்டு மே மாதத்தில் பண்டித ஜவாஹர்லால் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961இல் நிலக்கரி கைக்கு எட்டிற்று. சோவியத் நாட்டின் துணையோடு எழுந்த அனல் மின் நிலையம் 1962இல் மின்சாரம் தரத் தொடங்கிற்று. அக்கழகம் 2016இல் என்.எல்.சி. இந்தியா நிறுவனம் எனப் பெயர் மாறிற்று.

தேர்தலைப் பொறுத்தவரையில் இத்தொகுதியின் விசேஷம் அதன் வாக்காளர்களின் சேர்க்கையில் இருக்கிறது. 'வட்டம்' என்று எண்ணிட்டு வழங்கப்படும் நகரியப் பகுதிகளின் குவார்ட்டர்ஸ்களில், மாநிலத்தின் பல திசைகளிலிருந்தும் அயல் மாநிலங்களிலிருந்தும் வேலை நிமித்தமாக வந்து குடியேறிய நிரந்தரத் தொழிலாளரும் அலுவலரும் வாழ்கிறார்கள். பணி ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்தாக வேண்டும் என்னும் விதியால், ஒரு வட்டத்தின் வாக்காளர் பட்டியல் பத்து ஆண்டுகளில் பெரிதும் மாறிவிடுகிறது. கிராமங்களிலோ தலைமுறை தலைமுறையாக ஒரே மண்ணில் வேரூன்றிய உழவர் குடிகளும், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு அதே சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளராக நுழையக் காத்திருக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. முதல் வகையினர்க்கு ஊதிய உயர்வும் பங்கு விற்பனையும் கவலை; இரண்டாம் வகையினர்க்கு நிலத்துக்கு ஈடாக வேலை என்பது கவலை. இவ்விரு கவலைகளையும் ஒரே உறுப்பினர் சுமந்து கோட்டைக்குச் செல்ல வேண்டியிருக்கிறது.

மற்றொரு செய்தியும் இங்குக் குறிக்கத்தக்கது. நகரியத்தின் சாலை, குடிநீர், தெருவிளக்கு, துப்புரவு ஆகிய யாவற்றையும் நிறுவனத்தின் நகர நிர்வாகமே நடத்திவருவதால், பிற ஊர் மக்கள் நகராட்சித் தேர்தலில் வார்டு உறுப்பினரைத் தெரிந்தெடுத்துத் தம் தெருக்குறையைச் சொல்லிக்கொள்ளும் வாய்ப்பு வட்டங்களில் வாழ்வோர்க்கு இல்லை. ஆகவே சட்டமன்றத் தேர்தலில் இடும் அந்த ஒற்றை வாக்கு, மற்ற இடங்களில் இரண்டு மூன்று வாக்குகள் பகிர்ந்து சுமக்கும் பாரத்தைத் தானே தனியாகச் சுமக்கிறது. இவ்வளவு பாரத்தைத் தாங்கும் வாக்கு என்ன கதியை அடைகிறது என்று ஆராய்வது நியாயமேயாகும்.

வாக்கு முறை

இந்தியாவில் மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் வழங்கும் முறை மிக எளிது. ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர். ஒருவர்க்கு ஒரு வாக்கு. போட்டியிட்டோருள் எவர் மற்ற ஒவ்வொருவரையும்விட ஒரு வாக்கேனும் மிகுதியாகப் பெற்றாரோ அவரே வென்றவர். பதிவான வாக்குகளில் பாதியைத் தாண்ட வேண்டும் என்னும் நிபந்தனை எதுவும் இல்லை. இருவர் சமமாக நின்றால், 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, தேர்தல் அதிகாரி திருவுளச் சீட்டுப் போட்டு, சீட்டு விழுந்தவர்க்கு ஒரு வாக்கு கூட்டிக்கொள்வார். சட்டமன்றத் தேர்தலில் பொது அபேட்சகர்க்கு 10,000 ரூபாயும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகிய அபேட்சகர்க்கு அதில் பாதியும் வைப்புத்தொகை. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் கிடைக்காவிடில் 'டெபாசிட் போயிற்று' என்பது ஊர் வழக்கு.

இம்முறையின் அருமையை வாக்குச்சாவடிக்குள் நின்று பார்த்தால் உணரலாம். இரவு ஷிப்ட் முடித்து, முகத்தில் உறக்கமும் சட்டையில் கரித்தூளும் படிந்திருக்க, வட்டத்துப் பள்ளிக்கூடத்தின் வரிசையில் வந்து நிற்கும் தொழிலாளி, இடக்கை விரலில் மை வைத்துக்கொண்டு, அட்டைத் தடுப்புக்குப் பின்னால் சென்று, சின்னத்தின் எதிரே உள்ள பொத்தானை ஒருமுறை அழுத்துகிறார். பக்கத்திலுள்ள பெட்டியின் கண்ணாடிக்குப் பின் அவர் தெரிந்தெடுத்த பெயரும் சின்னமும் பொறித்த சிறு காகிதம் 7 விநாடிகள் தோன்றி, பிறகு அறுந்து உள்ளே விழுகிறது; இயந்திரம் நீளமாக ஒருமுறை ஒலிக்கிறது; அவ்வளவே. எழுத்தறியாத மூதாட்டியும் பொறியியல் பட்டம் பெற்றவரும் ஒரே நிமிஷத்தில், ஒரே விதமாக, பிறர் துணையின்றிச் செய்து முடிக்கக்கூடிய செயல் இது. 1952இல் அபேட்சகர் ஒவ்வொருவர்க்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கான மக்களை ஜனநாயகத்தின் வாயிலுக்கு அழைத்து வந்த நாடு, இந்த எளிமையை இழக்க எளிதில் துணியாதது இயல்பே.

ஆனால் அந்த 7 விநாடிகளில் காகிதத்தில் தோன்றாத செய்தி ஒன்று உண்டு. அந்தத் தொழிலாளிக்கு முதல் விருப்பம் ஒருவராயும், அவர் வெல்ல வழியில்லையெனில் அடுத்த விருப்பம் இன்னொருவராயும், எக்காரணத்தாலும் வரக்கூடாது என்று கருதுபவர் மூன்றாமவராயும் இருக்கலாம். இம்மூன்றையும் சொல்ல அவருக்கு இடமில்லை. முதல் விருப்பத்தை அழுத்தினால், தாம் வெறுக்கும் மூன்றாமவர்க்கே அது துணையாக முடியலாம். அதை அஞ்சி இரண்டாமவரை அழுத்தினால், தம் உள்ளத்துக் கட்சிக்கு ஊரில் உள்ள பலம் எவ்வளவு என்பதே உலகுக்குத் தெரியாமற் போகும். 'ஓட்டை வீணாக்காதே' என்று பெரியவர்கள் சொல்லும் புத்திமதி இந்த முறையிலிருந்து பிறந்தது.

மூன்று தேர்தல்கள்

முதல் தேர்தல் 2011இல் நடந்தது. அவ்வாண்டு தமிழகத்தில் இரண்டே பெரிய அணிகள் எதிரெதிரே நின்றன: அனைத்திந்திய அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம், விஜயகாந்தின் தேசிய முற்போக்கு திராவிடக் கழகத்தையும் இரு பொதுவுடைமைக் கட்சிகளையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு ஒருபுறமும், திராவிட முன்னேற்றக் கழகம், காங்கிரசையும் பாட்டாளி மக்கள் கட்சியையும் விடுதலைச் சிறுத்தைகளையும் கூட்டிக்கொண்டு மறுபுறமும் நின்றன. நெய்வேலி, பாட்டாளி மக்கள் கட்சியின் பங்காக ஒதுக்கப்பட்டு, பண்ருட்டியில் இருமுறை வென்றிருந்த தி. வேல்முருகன் அக்கட்சியின் அபேட்சகராக நின்றார். அண்ணா தி.மு.க.வின் எம்.பி.எஸ். சிவசுப்பிரமணியன் வென்று, இத்தொகுதியின் முதல் உறுப்பினரானார்.

அதே ஆண்டின் இறுதியில் வேல்முருகன் தம் கட்சியிலிருந்து நீக்கப்பட்டு, 2012இல் தமிழக வாழ்வுரிமைக் கட்சியைத் தொடங்கினார். 2016ஆம் ஆண்டுத் தேர்தல் வந்தபோது களம் சிதறிக் கிடந்தது. அண்ணா தி.மு.க. ஓர் அணி, தி.மு.க.வும் காங்கிரசும் ஓர் அணி. மக்கள் நலக் கூட்டணி என்னும் பெயரில் தே.மு.தி.க.வும் பிறரும் ஓர் அணி; பாட்டாளி மக்கள் கட்சி தனித்து ஓர் அணி; பாரதிய ஜனதா மற்றோர் அணி. நெய்வேலியில் இவற்றோடு வேல்முருகனும் தம் கட்சியின் பெயரால் நின்றார். தி.மு.க.வின் சபா. இராசேந்திரன் 54,299 வாக்குகள் பெற்று, 36,508 வாக்குகள் பெற்ற அண்ணா தி.மு.க. அபேட்சகரை 17,791 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மறுவரையறையில் மறைந்துபோன நெல்லிக்குப்பம் தொகுதியின் முன்னாள் உறுப்பினர் அவர். வித்தியாசம் பெரிதாகத் தோன்றினும், அவர் பெற்றது பதிவான வாக்குகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. மூவரில் இருவர் வேறு வேறு சின்னங்களை அழுத்தியிருந்தார்கள். அந்த இருவரும் ஒருவர்க்கொருவர் உடன்படாதபடியால் மூன்றாமவரின் விருப்பம் ஊரின் விருப்பமாயிற்று. பாட்டாளி மக்கள் கட்சியும் அதிலிருந்து பிரிந்தவரும் ஒரே சமூக அடித்தளத்தை நாடித் தனித்தனியே திரட்டிய வாக்குகள் சட்டமன்றத்தில் ஒரு குரலாகவும் ஒலிக்கவில்லை.

2021 ஏப்ரல் 6 அன்று நடந்த மூன்றாம் தேர்தலில் களம் மீண்டும் இரண்டாகக் குவிந்தது. இம்முறை பாட்டாளி மக்கள் கட்சி அண்ணா தி.மு.க.வின் பக்கத்தில் இருந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன் எதிர்த்து நின்ற அணியில் இப்போது சேர்ந்து, நெய்வேலியை மறுபடியும் தன் பங்காகப் பெற்றிருந்தது. வேல்முருகனோ தி.மு.க. அணியில் சேர்ந்து, அண்டைத் தொகுதியான பண்ருட்டியில் தி.மு.க.வின் உதயசூரியன் சின்னத்திலேயே நின்று வென்றார். நெய்வேலியில் சபா. இராசேந்திரனுக்கு 75,177 வாக்குகளும், பாட்டாளி மக்கள் கட்சியின் கோ. ஜெகனுக்கு 74,200 வாக்குகளும் விழுந்தன. வித்தியாசம் 977.

ஐந்து ஆண்டுகளில் வென்றவரின் வாக்கு 20 ஆயிரத்துக்கும் மேல் கூடியிருக்க, வெற்றியின் வித்தியாசமோ பதினெட்டில் ஒரு பங்காகச் சுருங்கிற்று என்பதை வாசகர் ஊன்றி நோக்கவேண்டும். சாதாரணமாக, வாக்குகள் கூடினால் வெற்றி உறுதிப்படும் என்றே எவரும் எண்ணுவர். இந்த முறையில் அவ்விதி செல்லாது. வென்றவர் எவ்வளவு பெற்றார் என்பதற்கு நிகராக, தோற்றவர்கள் எத்தனை பேராகப் பிரிந்து தோற்றார்கள் என்பதும் முடிவை ஆள்கிறது. பிரிந்து நின்றோரை ஒருவர் எளிதில் வென்றார். கூடி நின்றோரை வெல்ல அவருக்கு மூச்சு முட்டிற்று.

இதனால் கூட்டணி என்பது வெறும் கூட்டல் என்று கருதிவிடலாகாது. 2016இல் அண்ணா தி.மு.க. பெற்றதையும் பாட்டாளி மக்கள் கட்சி பெற்றதையும் காகிதத்தில் கூட்டி, 2021இல் அத்தனையும் ஒரே சின்னத்தில் விழும் என்று கணக்கிட்டவர் ஏமாந்திருப்பார். அண்ணா தி.மு.க.வின் இரட்டை இலைக்கே பழகிய கை பாட்டாளி மக்கள் கட்சியின் மாம்பழத்தைத் தேடிச் செல்லத் தயங்கும்; கிராமத்துக்குக் கிராமம் அந்தத் தயக்கத்தின் அளவு வேறுபடும். தொகுதிப் பங்கீட்டின்போது 'அந்த இடத்தில் நம் சின்னமே நிற்கட்டும்' என்று ஒவ்வொரு கட்சியின் உள்ளூர்க்காரரும் மன்றாடுவது இதனாலேயே.

977 என்னும் எண்

இந்த எண்ணைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். 2021இல் பெருந்தொற்றுக் காலமாதலால், ஒரு வாக்குச்சாவடிக்கு ஏறக்குறைய ஆயிரம் வாக்காளர் என்று வரம்பு கட்டி, சாவடிகளைத் தேர்தல் ஆணையம் பெருக்கியிருந்தது. அப்படியாயின் தொகுதி முழுவதன் தலைவிதியும், ஒரே ஒரு பள்ளிக்கூட அறைக்கு ஒதுக்கப்பட்ட வாக்காளரின் தொகைக்குள் அடங்கிவிட்டது. வென்றவர்க்கு வாக்களித்தோருள் 489 பேர் மட்டும் மற்றவர்க்கு மாற்றி அழுத்தியிருந்தால் ஒரு வாக்கில் முடிவு மாறியிருக்கும். இருவர்க்கும் அல்லாது ஏனைய அபேட்சகர்க்கும் நோட்டாவுக்கும் விழுந்தவை நூற்றுக்கு 9 அளவின. அவை அந்த வித்தியாசத்தைப் போலப் பன்மடங்கு. அவ்வாக்குகளை இட்டவர்கள் இவ்விருவருள் எவரை மேலாக மதித்தார்கள் என்று கேட்பதற்கு நம் முறையில் ஏற்பாடில்லை. கேட்டிருந்தால் அதே உறுப்பினரே வந்திருக்கவும் கூடும், மற்றவர் வந்திருக்கவும் கூடும்.

வாக்கு எண்ணும் கூடத்தில் இந்த நிலை எத்தகைய மனவேதனையை உண்டாக்கும் என்பதை, கம்பித் தடுப்புக்கு இப்பால் உட்கார்ந்து ஒவ்வொரு மேசையிலும் குறிப்பெடுக்கும் முகவர்களின் முகமே சொல்லும். காலை 8 மணிக்குத் தபால் வாக்குகளில் தொடங்கி, சுற்றுக்குச் சுற்று எண்களைக் கூட்டி எழுதிக்கொண்டு வருபவர், 'நம்ம ஊர்ப் பெட்டி இன்னும் வரலண்ணே' என்று பக்கத்திலிருப்பவர்க்கு மெல்லச் சொல்லி நம்பிக்கையைப் பிடித்துவைத்திருப்பார். ஒரு சுற்றில் நகரிய வட்டங்களும் மறு சுற்றில் கிராமங்களும் வரும்போது முன்னிலை கைமாறும். கடைசிச் சுற்று முடிந்ததும் ஒருவர்க்கு ஐந்தாண்டுப் பதவியும், அவர்க்கு நிகராக மக்களின் ஆதரவைப் பெற்ற மற்றவர்க்கு ஒன்றுமில்லாமையும் வாய்க்கின்றன. 74,200 பேர் ஒரு தொகுதியில் ஒரே அபேட்சகரை விரும்பினார்கள் என்பது சிறு செய்தியன்று.

இது நெய்வேலிக்கு மட்டும் நேர்ந்ததன்று. அதே ஆண்டில் பக்கத்துத் தொகுதியான விருத்தாசலத்தில் காங்கிரசின் இராதாகிருஷ்ணன், பாட்டாளி மக்கள் கட்சி அபேட்சகரை 862 வாக்குகளில் வென்றார். ஒரே கட்சி, ஒரே மாவட்டத்தில், அடுத்தடுத்த இரு தொகுதிகளை 1,839 வாக்குகளின் குறையால் இழந்தது. சென்னைத் தியாகராய நகரில் வித்தியாசம் 137; மொடக்குறிச்சியில் 281; காட்பாடியில் 746. அதற்கு முந்திய தேர்தலில் இம்மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயிலில் தொல். திருமாவளவன் 87 வாக்குகளில் தோற்றார்.

செறிவும் சிதறலும்

ஒரு தொகுதியில் நிகழ்வது 234 தொகுதிகளிலும் சேர்ந்து நிகழும்போது, நாட்டின் அபிப்பிராயத்துக்கும் சபையின் அமைப்புக்கும் இடையே உண்டாகும் பேதம் வியப்பூட்டுவதாகும். 2016இல் 232 தொகுதிகளில் தனித்து நின்ற பாட்டாளி மக்கள் கட்சி, மாநிலத்தில் நூற்றுக்கு 5.3 வாக்குகளைப் பெற்றும் ஓர் இடமும் பெறவில்லை. 2021இல் கூட்டணிக்குள் 23 இடங்களில் மட்டும் நின்று, நூற்றுக்கு 3.8 பெற்று, 5 இடங்களைக் கைப்பற்றிற்று. வாக்கு குறைந்தபோது இடம் கூடிற்று. இதைக் கண்ட எந்தக் கட்சிதான் தனித்து நின்று தன் கொள்கையை மக்கள்முன் வைத்துப் பார்க்கத் துணியும்? நம் மாநிலத்துக் கூட்டணி அரசியலைச் சந்தர்ப்பவாதம் என்று பழிப்போர், அந்தப் பழியின் பெரும் பங்கை வாக்கு முறையின்மேல் ஏற்றுவதே பொருந்தும் என்பது இக்கட்டுரையாசிரியரின் கருத்து.

செறிவு என்பதும் இதில் பெருங்காரணம். ஒரு கட்சியின் ஆதரவாளர் சில மாவட்டங்களில் நெருங்கி வாழ்ந்தால் இடங்கள் கிட்டும். மாநிலம் முழுதும் பரவிக் கிடந்தால் கிட்டா. பழைய தென்னார்க்காட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. 1952ஆம் ஆண்டின் முதல் பொதுத்தேர்தலில், இப்பகுதி உழவர் சமூகத்தின் ஆதரவை நம்பி எஸ்.எஸ். இராமசாமிப் படையாட்சி நடத்திய தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி, சென்னை மாகாணம் முழுதையும் நோக்கச் சிறு கட்சியேயாயினும், தென்னார்க்காட்டு வட்டாரத்தில் செறிந்திருந்த வலிமையால் 19 இடங்களைப் பெற்று, பெரும்பான்மை இழந்து நின்ற காங்கிரஸ் மந்திரிசபை அமைக்கத் தேவையான பலமாயிற்று. அதற்கு நேர்மாறாக, 2021இல் நாம் தமிழர் கட்சி 234 தொகுதிகளிலும் நின்று, நூற்றுக்கு 6.6 வாக்குகள் பெற்றும், அவை எங்கும் சமமாகப் பரவியிருந்தமையால், ஓர் இடமும் பெறவில்லை.

பெரிய கட்சிகளும் இதற்கு விலக்கல்ல. 1967இல் காங்கிரசும் தி.மு.க.வும் மாநில அளவில் ஏறத்தாழச் சமமாக, நூற்றுக்கு 41 அளவில் வாக்குப் பெற்றன. காங்கிரசின் பங்கு இம்மியளவு கூடுதலும்கூட. எனினும் குறைந்த தொகுதிகளில் நின்று, மற்றத் தொகுதிகளைத் தோழமைக் கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்த தி.மு.க. 137 இடங்களை வென்று ஆட்சி அமைத்தது. அறிஞர் அண்ணா அன்று கட்டிய ஏழு கட்சிக் கூட்டணி, இந்த வாக்கு முறையின் இலக்கணத்தை நம் மாநிலத்தில் முதன்முதலாக முற்றக் கற்றறிந்தவர் செய்த காரியமாகும். தமிழகத்தின் வரலாற்றையே திருப்பிய அத்தேர்தலை எண்ணும்போது, இம்முறை தீங்கே செய்தது என்று ஒருதலையாகக் கூறவும் மனம் ஒப்பவில்லை. தேங்கி நின்ற ஆட்சியை ஒரே வீச்சில் மாற்றும் வலிமை மக்களுக்கு இம்முறையாலேயே கிடைத்தது.

சுரங்க வாயிலில் மற்றொரு தேர்தல்

நெய்வேலி வாக்காளருள் ஒரு பகுதியினர்க்கு வேறுவகைத் தேர்தல் ஒன்றும் பழக்கம். நிறுவனத்தோடு ஊதிய ஒப்பந்தம் பேசும் உரிமை எந்தத் தொழிற்சங்கத்துக்கு என்பதைத் தீர்மானிக்க, நிரந்தரத் தொழிலாளரிடையே ரகசிய வாக்கெடுப்பு காலந்தோறும் நடத்தப்படுகிறது. தொ.மு.ச., அண்ணா தொழிற்சங்கம், சி.ஐ.டி.யு., பாட்டாளி தொழிற்சங்கம் என அரசியல் கட்சிகளின் சாயலையே கொண்ட சங்கங்கள் அங்கும் மோதுகின்றன; கொடிக்கம்பங்களும் வாயிற்கூட்டங்களும் சட்டமன்றத் தேர்தலுக்குக் குறைந்தவையல்ல.

இத்தகைய தேர்தலின் தத்துவம் வேறு. 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு இதனைத் தெளிவாக வகுத்திருக்கிறது: ஒரு சங்கம் தொழிலாளருள் நூற்றுக்கு 51 பேரின் ஆதரவைப் பெற்றாலன்றித் தனியொரு பேச்சாளராக ஆகமுடியாது, எச்சங்கமும் அந்த அளவை எட்டவில்லையாயின், நூற்றுக்கு 20க்குக் குறையாத ஆதரவுள்ள சங்கங்கள் சேர்ந்த பேச்சுவார்த்தைக் குழு அமையும், ஒவ்வொரு 20க்கும் ஒரு பிரதிநிதி. அதாவது, முதலில் வந்தவர் என்ற காரணத்தால் மட்டும் ஒருவர் எல்லோர்க்காகவும் பேசிவிட முடியாது.

2016இல் மூன்றில் ஒரு பங்கு வாக்கோடு ஒருவர் தொகுதி முழுதுக்கும் உறுப்பினரான அதே மண்ணில், அதே அளவு ஆதரவு பெற்ற தொழிற்சங்கத்தை இந்தத் தொகுப்பின்படி, 'உனக்குரிய இடத்தை எடுத்துக்கொள். அடுத்த சங்கத்தையும் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு பேசு' என்றே கூறவேண்டியிருக்கும். நிலக்கரியின் கூலியைப் பேசுவதற்கு இவ்வளவு எச்சரிக்கை வேண்டுமாயின், ஊரின் சட்டத்தைப் பேசுவதற்கு வேண்டாவா என்னும் கேள்வி தானே எழுகிறது. ஒப்பந்தத் தொழிலாளர்க்கு அந்த வாக்கெடுப்பில் இடமில்லை என்பது அதன் பெருங்குறை. அவர்கள் நிலை தனிக் கட்டுரைக்கு உரியது.

வேறு முறைகள்

அரசியல் நிர்ணய சபையில் விகிதாசாரப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்று எழுந்த திருத்தங்களை டாக்டர் அம்பேத்கர் ஏற்கவில்லை. எழுத்தறிவு குறைந்த நாட்டுக்கு அது கடினம், ஆட்சியின் நிலைபேற்றையும் அது குலைக்கும் என்பன அவர் கூறிய காரணங்கள். முதற்காரணம் இன்று தமிழகத்துக்குப் பொருந்தாது. இரண்டாவது இன்றும் எடை குன்றாதது. 1999இல் சட்ட ஆணையம் தன் 170ஆவது அறிக்கையில், இப்போதுள்ள இடங்களை அப்படியே வைத்துக்கொண்டு, மேலும் நூற்றுக்கு 25 இடங்களைக் கூட்டி, அவற்றை மட்டும் கட்சிப் பட்டியல் முறையில் நிரப்பலாம் என்று நடுவழி ஒன்றைப் பரிந்துரைத்தது. அது நிறைவேறவில்லை.

கடல் கடந்து இலங்கையைப் பார்த்தால் இரு முறைகளையும் அனுபவித்த நாடு ஒன்று கண்முன் நிற்கும். 1977இல், நம்முடையதை ஒத்த முறையில் நடந்த தேர்தலில், ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழப் பாதி வாக்கோடு 168இல் 140 இடங்களைப் பெற்றது. நூற்றுக்கு 30 அளவில் வாக்குப் பெற்ற ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி 8 இடங்களோடு ஒடுங்க, வடக்கிலும் கிழக்கிலும் செறிந்திருந்த தமிழர் விடுதலைக் கூட்டணி அதைவிட மிகக் குறைந்த வாக்கோடு 18 இடங்கள் பெற்று, அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். ஆறில் ஐந்து பங்கு பலத்தோடு அமர்ந்த அரசு, 1978இல் புதிய அரசியலமைப்பை இயற்றி விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. அதன்படி மாவட்டமே தொகுதியாகி, வாக்காளர் கட்சிக்கு ஒரு வாக்கும் அக்கட்சி அபேட்சகருள் மூவர்க்கு விருப்பு வாக்கும் இடுகிறார். அதனால் வீணாகும் வாக்கு குறைந்தது. ஆனால் ஒரே கட்சிக்குள் விருப்பு வாக்குக்காகத் தோழர்கள் ஒருவரையொருவர் எதிர்த்துப் போராடுவதும், உறுப்பினர்க்கு ஒரு குறிப்பிட்ட ஊரோடு உள்ள பிணைப்புத் தளர்வதும் அதற்குக் கொடுத்த விலை. நெய்வேலி போன்ற ஊரில், நிலம் இழந்தவன் மனுவோடு எந்த வீட்டுக் கதவைத் தட்டவேண்டும் என்று தெளிவாகத் தெரிந்திருப்பதன் அருமையை அறிந்தவர்கள், இந்த விலையைச் சிறிது என்று தள்ளமாட்டார்கள்.

ஆதலால் ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்பதை விடாமலே, வாக்காளரின் இரண்டாம் விருப்பத்தையும் கேட்டறியும் முறையே இத்தகைய தொகுதிகளுக்கு ஏற்றதென்று தோன்றுகிறது. அதில் கடைசியில் நிற்பவர் நீக்கப்பட, அவர்க்கு விழுந்த சீட்டுகள் அடுத்த விருப்பத்தின்படி மற்றவர்க்குச் செல்லும். ஒருவர் பாதியைத் தாண்டும்வரை இது தொடரும். ஆஸ்திரேலியாவின் பிரதிநிதிகள் சபைத் தேர்தல் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இவ்வாறே நடந்துவருகிறது. 2016இல் நெய்வேலியில் இம்முறை இருந்திருந்தால், தனித்து நின்ற கட்சிகள் தம் பலத்தையும் காட்டியிருக்கும், அவற்றின் ஆதரவாளர் இறுதிப் போட்டியிலும் பங்குகொண்டிருப்பார்கள்.

நம் நாட்டுக்கு இது முற்றிலும் புதிதுமன்று. மாநிலங்களவைத் தேர்தல் விருப்ப வரிசை முறையிலேயே அமைந்திருக்கிறது. தமிழ்நாட்டுக்கு உரிய 18 இடங்களில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 6 இடங்கள் காலியாகும். 234 உறுப்பினரும் வாக்களித்தால் 34 பேரின் முதல் விருப்பம் பெற்றவர் வென்றவராவார். சபையில் 34 பேரைக் கொண்ட அணி, பெரும்பான்மைக்கு எவ்வளவு தூரத்தில் இருப்பினும், தன் பிரதிநிதி ஒருவரை நிச்சயமாக அனுப்பலாம். 2019இல் சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினரும் இல்லாத பாட்டாளி மக்கள் கட்சியின் அன்புமணி அண்ணா தி.மு.க.வின் ஆதரவாலும், அவ்வாறே உறுப்பினர் இல்லாத ம.தி.மு.க.வின் வைகோ தி.மு.க.வின் ஆதரவாலும் போட்டியின்றி அவ்வவைக்குச் சென்றது இம்முறையின் கணக்கால் இயன்றதே.

அத்தேர்தலில் போட்டி ஏற்படுமாயின், நெய்வேலியின் உறுப்பினரும் கோட்டைக்குச் சென்று வரிசையில் நிற்பார். அவரிடம் வாக்குச்சீட்டும், தேர்தல் ஆணையம் இதற்கென்றே அனுப்பும் ஊதா நிற மைப் பேனாவும் கொடுக்கப்படும். தமக்கு முதலில் வேண்டியவர் பெயருக்கு எதிரே 1 என்றும், அவர் இல்லையேல் வேண்டியவர்க்கு எதிரே 2 என்றும், அதற்கும் அடுத்தவர்க்கு 3 என்றும் அவர் எழுதலாம். ஒருவர்க்கு மிஞ்சிய வாக்கும், தோற்றவர்க்கு இட்ட வாக்கும் வீணாகாமல் அடுத்தவர்க்குப் போய்ச் சேரும். அவரை அங்கு அனுப்பிய, இரவு ஷிப்ட் முடித்து வட்டத்துப் பள்ளியின் வரிசையில் நின்ற தொழிலாளியின் கையில் அந்தப் பேனா இன்னும் கொடுக்கப்படவில்லை.